கழித்தது போக மிச்சம்

சென்ற வாரம் தங்கையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழ வைத்துவிட்டுப் போனேன். இப்படி அந்தரத்தில் விட்டால் எப்படி என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். அவளுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இந்த வாரம் தேவைப்படும்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் குப்பை லாரி ஓட்டுகிறான். தங்கை அதே கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்து, அந்த லாரிகள் விடும் புகைக்குக் கணக்குப் பார்க்கிறாள். ஊரே சூடாகிக்கொண்டு போகிறது, நாங்களும் எங்கள் பங்குக்கு இந்த ஆண்டுக்குள் புகையை மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்று கம்பெனி ஊரறியச் சொல்லியிருந்தது. அதற்குப் பருவநிலை இலக்கு என்று பெயர். புதிதாகப் பேட்டரி வண்டிகள் நாலு வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. முழுப் பாரத்தோடு மேட்டுத் தெருக்களில் ஏறத்தான் அவற்றுக்குத் தெம்பில்லை. மேட்டுக்கு வழக்கம்போல டீசல் லாரி போனது, புகை இம்மியும் குறையவில்லை.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில்தான் நம் தங்கை வாயைத் திறந்தாள்.

"நம்ம சொந்த வண்டி விடுற புகைதான் சார் நம்ம கணக்குல வரும். கான்ட்ராக்ட் வண்டியோட புகை வேற பக்கத்துல வரும். இலக்கு அந்தப் பக்கத்துக்கு இல்ல."

தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் மேனேஜரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தாள். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"அப்போ பழைய வண்டியெல்லாம் கழிச்சுட்டா?"

"கழிச்சுட்டா இலக்கைத் தாண்டிடலாம் சார்."

வண்டியைக் கழித்தால் வண்டியோடு டிரைவரும் போவான் என்று அவளுக்குத் தோன்றவில்லையாம். கம்பெனியில் வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாளாம். படித்த பெண்தான். நேற்று மாலைதான் மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். "டிரைவர்ங்களும் வண்டியோட கான்ட்ராக்டர்கிட்ட போறாங்கம்மா. விழா முடியற வரைக்கும் வீட்ல மூச்சு விட்டுடாதீங்க."

குழாயைத் திறந்துவிட்டு அழுதது அதற்குத்தான். இனி இன்று.

விடிந்தது முதல் அண்ணன் ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"போதும் விடுங்க, சட்டை அழுதுடும்," என்றாள் அண்ணி. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடிப்படியில் நண்டு போலப் பக்கவாட்டில்தான் இறங்க முடியும். அடுத்த மாதம் ஆபரேஷன். கம்பெனியின் மருத்துவ உதவியில் தேதி கிடைத்துவிட்டது. அந்தத் தேதியைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் இப்போதெல்லாம் படி இறங்குகிறாள்.

"மேடைக்கு வரச் சொல்லியிருக்காங்க. சூப்பர்வைசரே வந்து சொன்னார், நல்ல சட்டையா போட்டுட்டு வாப்பான்னு."

"மேடையில என்ன தரப்போறாங்களாம்?"

"என்ன கேள்வி இது? பேட்டரி வண்டி சாவிதான். டிரெய்னிங் போயிட்டு வந்தது நான்தானே. இன்னியோட மாமியாரைக் கைகழுவறேன்."

மாமியார் என்றது அவனுடைய லாரியை. ஷெட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நாள் முழுக்க உறுமும். எவ்வளவு போட்டாலும் போதாது என்று முனகும். ஆனால் மேட்டில் மட்டும் எவன் தயவும் இல்லாமல் ஏறிவிடும்.

"எங்கம்மாவை இழுக்காம உங்களுக்குப் பொழுது விடியாதே," என்றாள் அண்ணி.

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கணக்குப்புள்ள."

சின்ன வயதில் வைத்த பேர். இருவருக்கும் ரொட்டியை வெட்டிக் கொடுத்தால், இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு "உனக்குத்தான் பெருசு" என்று சண்டைக்கு நிற்பாள். அவன் கடித்தது போக மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

அவள் சொல்ல வாயெடுத்தபோது அவன் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினான். "எப்படி? பேட்டரி வண்டி ஓட்டுறவன் மாதிரி இருக்கேனா?"

"இருக்கே," என்றாள்.

"சொல்லணும்னியே?"

"அதான் சொல்ல வந்தேன். நல்லா இருக்கே."

அண்ணன் இரவு பகலாக லாரி ஓட்டித் தங்கையைப் படிக்க வைத்தான் என்று எழுதினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அதெல்லாம் இல்லை. அவள் தன் படிப்பைத் தானே பார்த்துக்கொண்டாள். அவன் செய்தது வேறு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குப்பைத் தொட்டிக்குத் தொட்டி நின்று போகிற வண்டி எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. "வந்து உட்காரு, கண்ணால பாரு," என்று லாரியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். குப்பையை அமுக்கும்போது வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடியாக வேண்டும் என்பதையும், ஏற்றத்தில் எந்த இடத்தில் எஞ்சின் திணறும் என்பதையும் அவள் அங்கேதான் தெரிந்துகொண்டாள். மாமியாரின் புகையைக் கணக்கெடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் மாமியாரை ஓட்டியவன்தான்.

வண்டியைக் கழுவ வேண்டும் என்று அவன் முன்னால் போய்விட்டான். அண்ணியை அழைத்துவரும் வேலை தங்கைக்கு. படியில் அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அந்தப் பாரம் தோளில் இறங்கி ஏறியது.

"என்ன நாத்தனாரே, முகமெல்லாம் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"தூக்கமில்ல அண்ணி."

"கல்யாணப் பேச்சு எடுத்தாத்தான் உனக்குத் தூக்கம் போகும். அதுவும் எடுக்கலியே நான்." சிரித்தாள். "இந்தக் காலு சரியாகட்டும். மாப்பிள்ளை தேடி தெருத்தெருவா நானே நடக்கறேன்."

சொல்ல இது நல்ல சமயம். அண்ணியிடம் சொல்லியிருந்தால் அண்ணி அண்ணனை எப்படியாவது தடுத்திருப்பாள். நம் தங்கை கீழ்ப்படி வரும்வரை யோசித்தாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

ஷெட் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளுக்கெல்லாம் பச்சைத் துணி. நாலு பேட்டரி வண்டிகளும் மேடைக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றன. டீசல் லாரிகள் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாவற்றையும் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே பூனைக்குப் பந்தல் வேறு.

மைக்கில் மேனேஜர் கூப்பிட்டதும் மாமியார் மட்டும் உள்ளே வந்தது. கழுவித் துடைத்து, முன்கண்ணாடியில் பச்சை ரிப்பன் கட்டி, அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டி வந்தான். அண்ணி இரண்டாவது வரிசையிலிருந்து கையை ஆட்டினாள்.

"இதுதான் நம்மளோட கடைசி டீசல் வண்டி," என்றார் மேனேஜர். "இன்னியோட புகைக்கு விடை கொடுக்கறோம்."

அண்ணன் மேடையேறிச் சாவியைக் கம்பெனித் தலைவரிடம் கொடுத்தான். தலைவர் அதை உயர்த்திக் காட்டினார். படம் எடுத்தார்கள். அண்ணன் இறங்கவில்லை. வலது கையை லேசாக நீட்டியபடி நின்றான். புதுச் சாவிக்குக் காத்திருக்கிறான் என்று அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும், அண்ணிக்கும் தங்கைக்கும்.

நீட்டிய கையில் யாரோ ஒரு செடித் தொட்டியை வைத்தார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அவன் செடியைப் பார்த்தான், பிறகு பேட்டரி வண்டிகளைப் பார்த்தான். சாவி கீழே போய்த் தருவார்களாக்கும் என்று நினைத்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டான்.

மேனேஜர் விடவில்லை. "நாம எடுத்துக்கிட்ட இலக்கு மூணுல ஒரு பங்கு. இந்த வருஷக் கணக்குல நாம தொட்டது பாதிக்கு மேல. இந்த யோசனை யாரோடதுன்னு சொல்லியாகணும். இதோ நிக்கிறாரே இந்த டிரைவர், இவரோட கூடப்பிறந்த தங்கச்சியோடது. எழுந்து நில்லும்மா."

தங்கை எழுந்து நின்றாள். மேடையில் அண்ணன் செடித் தொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினான். என்ன யோசனை என்று அவனுக்குத் தெரியாது. நம்ம வீட்டுப் பெண்ணை மைக்கில் புகழ்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பந்தலில் கடைசிவரை தட்டியவன் அவன்தான். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

விழா முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அண்ணன் செடியோடு பின்பக்கம் போனான். அண்ணியும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பின்சுவரை ஒட்டி மாமியார் நின்றிருந்தது. ரிப்பனை அவிழ்த்தாகிவிட்டது. ஒருவன் கதவில் கம்பெனிப் பெயரின் மேல் வேறொரு பெயரை ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டரின் ஆள். தேய்த்து முடித்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்கண்ணே. மேட்டுத் தெரு இன்னிக்கு லேட்டாயிடுச்சு. கிளம்பிடுங்க."

அதே சாவி. வளையத்தில் அண்ணன் கட்டிய சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது.

"இது இப்பத்தானே மேடையில கொடுத்தேன்?"

"அது படத்துக்குண்ணே. வண்டி இப்ப எங்க பேர்ல. நீங்களும் எங்க ஆளு. இந்தாங்க சட்டை, உங்க சைஸ் இல்ல, இருக்கறதைப் போட்டுக்கங்க."

"நான் கம்பெனியில பர்மனென்ட் பா," என்றான் அண்ணன், பஸ்ஸில் தன் இடத்தில் மாறி உட்கார்ந்தவனிடம் சொல்வது போல மெதுவாக.

"அதெல்லாம் கழிச்சாச்சுண்ணே. வண்டி அவங்களோடதா இருந்தா புகையும் அவங்க தலையில விழுமாம். எங்க பேர்ல ஓடினா விழாதாம். வண்டி அதேதான், ரோடும் அதேதான். புகைக்குத்தான் அப்பன் பேரை மாத்தியிருக்காங்க." அவனே சொல்லி அவனே சிரித்தான். "உங்க தங்கச்சி யோசனைன்னு மேடையில சொன்னாங்களே, கேக்கலியா? பெரிய மூளைண்ணே."

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டது அண்ணி. "தம்பி, அடுத்த மாசம் எனக்குக் கால் ஆபரேஷன். கம்பெனி மருத்துவ உதவியில. அது உண்டுதானே?"

"எங்ககிட்ட அதெல்லாம் கிடையாதுக்கா. லீவு போட்டாலே ஆளை மாத்திடுவாங்க."

அண்ணி தங்கையின் தோளிலிருந்து கையை எடுத்தாள். வெடுக்கென்று எடுக்கவில்லை. சும்மா எடுத்து, பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"நேத்துதான் அண்ணி தெரியும்."

"காலையில படி இறங்கும்போது தெரியும்."

"தெரியும்."

"நல்லது," என்றாள் அண்ணி.

குப்பை யாருக்காகவும் காத்திருக்காது. அண்ணன் நல்ல சட்டையைக் கழற்றி மடித்து அண்ணியிடம் கொடுத்தான், மற்றதை மாட்டிக்கொண்டான். அது அக்குளில் பிடித்தது. செடியைச் சுவரோரம் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். மாமியார் ஒரு முறை இருமிவிட்டு, வழக்கமான கரும்புகையைக் கக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

தங்கை அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அன்றைய கணக்கைப் போட்டாள். மாமியாருக்கான இடத்தில் சைபர் தானாகவே வந்தது. அப்படி வரும்படி அவள்தான் செய்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே புகை இன்னும் கலையவில்லை.

அவள் வீடு திரும்பியபோது அண்ணன் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி அடுப்படியில் நின்றாள். வழக்கமாக மூன்று தட்டுகள் வைக்கிற இடத்தில் மூன்று தட்டுகள் இருந்தன. பழக்கத்தில் வைத்துவிட்டாள் போல.

"அண்ணா, எனக்கு வண்டி மட்டும்தான் போகும்னு..."

"அவகிட்ட சொல்லு," என்றான் அண்ணன், அண்ணியைப் பார்த்து. "இனிமே அவ சமையலை அவளே பார்த்துக்கட்டும்."

"நான் சொன்னது வண்டியைத்தான். ஆளைச் சொல்லல."

"வீடு அதே வீடுதான். அடுப்பும் அதே அடுப்புதான். அவ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். ஆனா நம்ம கணக்குல இல்ல. வேற பக்கம்." குரல் ஏறவே இல்லை. "நானா சொல்லல. அவ கண்டுபிடிச்ச வழிதான். இன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

அண்ணன் தங்கைக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடுவில் புகுந்து ஏதாவது கிண்டல் சொல்லிக் கலைத்து விடுகிறவள் அண்ணி. தங்கை அவளைப் பார்த்தாள். அண்ணி மூன்றாவது தட்டை எடுத்து, காலைத் தாங்கித் தாங்கி நடந்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்போது போன் அடித்தது. மேனேஜர். தங்கை முன்னறைக்குப் போய் எடுத்தாள்.

"விழா அருமைம்மா. ஒரு சின்ன விஷயம். நாளைக்கு நம்ம கணக்கைச் சரிபார்க்க வெளியில இருந்து ஒரு மேடம் வர்றாங்க. வண்டியெல்லாம் நெஜமாவே கான்ட்ராக்டரோடதா, பேருக்கு மாத்தினதான்னு ஒரு டிரைவர்கிட்ட நேரா கேக்கணுமாம். உங்க அண்ணனையே நிறுத்திடறேன். நம்ம வீட்டு ஆளு. கம்பெனிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொன்னா போதும். நீங்களே வீட்ல சொல்லிக் கொடுத்துடுங்க."

"சார், அண்ணியோட ஆபரேஷன்..."

"நாளைக்கு நல்லபடியா முடியட்டும். பார்க்கலாம்."

"மாத்திச் சொல்லிட்டா சார்? நான் கம்பெனி ஆளுதான்னு அண்ணன் சொல்லிட்டா?"

"அப்புறம் இலக்கும் இல்ல, நீங்களும் இல்ல, உங்க அண்ணனும் இல்ல," என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மாடி அறையில் உட்கார்ந்து எத்தனையோ கழித்துப் பார்த்தவள். இந்தக் கணக்கை எப்படிக் கழித்தாலும் மிச்சத்தில் அண்ணியின் முழங்கால் வந்து நின்றது. வேறு வழி தெரியாமல் சமையலறை வாசலில் போய் நின்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஒரு மேடம் வந்து உன்னைக் கேப்பாங்களாம்."

அண்ணன் நிமிரவில்லை.

"கம்பெனிக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லணுமாம். சொன்னா அண்ணி ஆபரேஷனைப் பார்க்கலாம்கிறார்."

"என் காலை வச்சு யாரும் வியாபாரம் பண்ண வேண்டாம்," என்றாள் அண்ணி. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அண்ணா, ஏதாவது சொல்லு. திட்டவாவது திட்டு."

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு நாளைக்குப் பார்த்துக்கறேன்," என்றான். "சொல்ல வருதான்னு இப்பவே ஒரு தடவை சொல்லிப் பார்க்கறேன்."

நிமிர்ந்து முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான். முன்பின் தெரியாத அதிகாரியிடம் பேசுவது போல, மரியாதையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எனக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

நன்றாக வந்தது. அண்ணன் குனிந்து மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தான்.